ஆம்பை அணைத்த பிறகு

நியூயார்க்கின் ஸ்வான்ஸ் என்ற ராக் குழு 1984-ல் வெளியிட்ட ‘காப்’ ஆல்பத்தை ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். டிரம்ஸில் ஓர் அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும். கிதாரில் மெட்டு என்று எதுவும் இல்லை. கனமான ஒரு பொருளைத் தரையோடு தரையாக இழுத்துப் போகிற ஓசைதான் வருகிறது. அதன் மேல் குழுவின் தலைவரும் பாடகருமான மைக்கேல் ஜிரா ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார். அப்புறம், அதே மனிதர் 1999-ல் ஏஞ்சல்ஸ் ஆஃப் லைட் என்ற புதுப் பெயரில் கொண்டுவந்த ‘நியூ மதர்’ ஆல்பத்தைப் போடுங்கள். அக்கூஸ்டிக் கிதாரும் அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு தாழ்ந்த குரலும் நடுவில் இருக்க, மற்ற வாத்தியங்கள் தள்ளி நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ கதை சொல்வது போல இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: வயசாகிவிட்டது, அடங்கிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரைச்சலையே இசையாக்கும் நாய்ஸ் ராக்கில் ஊறிய ஒருவர், கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பை அணைத்துவிட்டுத் தனியாக உட்காரும்போது ஓய்வெடுக்கப் போகவில்லை. இத்தனை வருடம் சத்தம் அவருக்காகச் செய்துகொடுத்த வேலைகளை இனி அவருடைய விரலும் குரலும் செய்தாக வேண்டும். அவை என்ன வேலைகள் என்று தெரிந்துகொண்டால்தான் இந்த அமைதியான ஆல்பங்கள் காதில் சரியாக விழும்.

சத்தத்திலிருந்தே தொடங்கலாம். 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் க்ளென் பிராங்கா என்ற இசையமைப்பாளர் எலெக்ட்ரிக் கிதார்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி சிம்ஃபனிகள் நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் சோனிக் யூத் குழுவில் சேர்ந்து வாசித்த தர்ஸ்டன் மூர், லீ ரனால்டோ இருவரும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான். பிராங்கா பங்கு வகித்த நியூட்ரல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம்தான் சோனிக் யூத்தின் முதல் வெளியீட்டையும் ஸ்வான்ஸின் முதல் ஆல்பத்தையும் கொண்டுவந்தது. 1982-ல் இரண்டு குழுக்களும் சேர்ந்தே ஊர் ஊராகப் போய் வாசித்தன. அங்கே சத்தம் என்பது பாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி அல்ல, சத்தம்தான் பாட்டே. பல கிதார்கள் மிக உரக்க ஒலிக்கும்போது அவற்றின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, யாருமே வாசிக்காத ஒரு புது ஓசை கூடத்தில் எழும். அதைத் தேடித்தான் அவர்கள் போனார்கள். ஸ்வான்ஸின் ஆரம்பகாலக் கச்சேரிகளில் குமட்டல் வந்தது, நிற்க முடியவில்லை என்றெல்லாம் போய்க் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒலி காதோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் பிடித்து ஆட்டும் அளவு அது.

கருவியின் பக்கம் பார்ப்போம். ஓர் அக்கூஸ்டிக் கிதாரை எடுத்து, மேல் தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரே ஒரு முறை மீட்டிவிட்டு எண்ணிக்கொண்டே இருங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதே சுரம் மெலியத் தொடங்கிவிடும். இன்னும் சில எண்ணிக்கையில் ஒலி இருக்கிறதா, இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோமா என்று சந்தேகம் வரும். பிறகு அறையின் ஓசைகள்தான் கேட்கும்: மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, நம் சட்டை கிதார் மேல் உரசுவது. அதே சுரத்தை டிஸ்டார்ஷன் பெடல் வழியாக அனுப்பினால் கதையே வேறு. பெடல் முதலில் ஒலியலையை மிகப் பெரிதாக்குகிறது, பிறகு அதன் உச்சிகளை வெட்டிவிடுகிறது. மீட்டிய கணமும் அது தேய்ந்துபோன கணமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. அதனால் சுரம் சாவதே இல்லை என்று தோன்றும். ஆம்பின் பக்கம் கிதாரைத் திருப்பிப் பிடித்தால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே தந்தியை மறுபடி அதிரவைக்கும். அதுதான் ஃபீட்பேக். அதன் பிறகு மீட்டவே வேண்டாம், அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கும்.

ஆக, சத்தம் வாசிப்பவருக்கு முதலில் கொடுப்பது நேரம். ஒரு முறை தந்தியை அடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கலாம். தயங்கலாம், விரல் கொஞ்சம் தவறான இடத்தில் விழலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அக்கூஸ்டிக்கில் அந்தச் சலுகை கிடையாது. சுரம் செத்துக்கொண்டே இருக்கும்; அடுத்த சுரம் அதற்குள் வந்தாக வேண்டும், அல்லது அந்த மௌனத்துக்கு வாசிப்பவர் பொறுப்பேற்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு சுரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்கள் பிறக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தால் அந்தப் புதுச் சுரங்கள் பொருந்தி நிற்கும். கூடவே காந்தாரத்தையும் சேர்த்தால் கலங்கிவிடும். சத்தமான ராக்கில் காந்தாரமே இல்லாத ‘பவர் கார்ட்’ (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) ஆட்சி செய்வது இதனால்தான். ஆனால் ஒரு கார்ட் மகிழ்ச்சியாக ஒலிக்கிறதா, வருத்தமாக ஒலிக்கிறதா என்று தீர்மானிப்பதே அந்தக் காந்தாரம். அந்தரமா, சாதாரணமா என்ற ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அக்கூஸ்டிக்குக்கு வரும் இசைஞருக்கு அது திரும்பக் கிடைத்துவிடுகிறது. கூடவே, எந்த உணர்வைச் சொல்கிறோம் என்று மழுப்பாமல் சொல்ல வேண்டிய கட்டாயமும் வந்துவிடுகிறது.

இதை நான் முதலில் உணர்ந்தது கிதாரிஸ்டும் பாடகருமான பாப் மோல்டின் ‘வொர்க்புக்’ ஆல்பத்தைக் கேட்டபோது. அவருடைய ஹுஸ்கர் டூ குழுவைக் கறாராகப் பார்த்தால் நாய்ஸ் ராக் என்று சொல்ல முடியாது, ஹார்ட்கோர் பங்க்கில் பிறந்தது அது. ஆனாலும் 1984-ல் வந்த ‘ஸென் ஆர்கேட்’ இரட்டை ஆல்பத்தின் கடைசியில் பதினான்கு நிமிடம் பாட்டில்லாமல் கிதார் கொந்தளிக்கிறதே, அதைக் கேட்டவர்கள் இந்த எல்லைக்கோடு பற்றிச் சண்டை போட மாட்டார்கள். மினசோட்டாவில் 1979-ல் தொடங்கிய அந்தக் குழு, தங்கள் மேலாளர் தற்கொலை செய்துகொண்ட துயரத்தையும் உள்ளே மூண்ட மனக்கசப்பையும் தாண்ட முடியாமல் 1988 ஜனவரியில் உடைந்தது. மோல்ட் குடியை அதற்கு முன்பே விட்டிருந்தார். பைன் சிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குப் போய்த் தனியாக எழுதத் தொடங்கினார். 1989-ல் ‘வொர்க்புக்’ வந்தது.

ஹுஸ்கர் டூவையே கேட்டுப் பழகிய காதோடு நான் அதைப் போட்டேன். முதல் உருப்படியில் குரலே இல்லை. அக்கூஸ்டிக் கிதார் மட்டும், இரண்டு நிமிடம். அது முடிவதற்குள்ளேயே ஒலியளவைக் கூட்டுவதற்காக என் கை நீண்டது, பிறகு தானாக நின்றது. கூட்ட வேண்டியதில்லை, நான்தான் நெருங்கிப் போக வேண்டும். நெருங்கிக் கேட்டபோது தெரிந்தது, இது பழைய மோல்ட்தான். ஹுஸ்கர் டூவில் அவர் கிதார் ஒரு தேனீக் கூட்டம் மாதிரி இரையும். அந்த இரைச்சலுக்கு அடியில் அழுத்தாமல் விட்ட வெறுந்தந்திகள் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், அதற்கு மேலே விரல்கள் மெட்டை நகர்த்தும். இங்கேயும் அதேதான். தம்புராவைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் கிதாருக்குள்ளேயே சுருதி பிடித்துக்கொள்ளும் வித்தை. பெடல் போனதும் அந்த வித்தை வெளியே தெரிய வந்தது, அவ்வளவுதான். ஜேன் ஸ்கார்ப்பன்டோனியின் செல்லோ வேறு சேர்கிறது. டிஸ்டார்ஷன் கொடுத்துக்கொண்டிருந்த நீட்சியை இங்கே வில்லைப் போட்டு இழுத்துக் கொடுப்பது அதுதான். ஆல்பம் முழுவதும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம், எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் நிறையவே உண்டு. கடைசிப் பாட்டில் பழைய கொந்தளிப்பு அப்படியே திரும்பி வந்து அலறுகிறது.

அதே 1989-ல் ஜிராவும் அமைதியின் பக்கம் ஒரு முறை போய்ப் பார்த்தார். ஒரு பெரிய நிறுவனத்துக்காக பில் லாஸ்வெல் தயாரித்த, ஸ்வான்ஸின் ‘தி பர்னிங் வேர்ல்ட்’. அக்கூஸ்டிக் கிதார், பல நாட்டு வாத்தியங்கள், மெதுவான பாட்டுகள் எல்லாம் இருந்தன. விற்கவில்லை, ஒப்பந்தமும் போயிற்று. ஜிராவே பிற்பாடு அந்த ஆல்பத்தை விரும்பிப் பேசியதில்லை. எனக்கு அதில் சில பாட்டுகள் பிடிக்கும். ஆனாலும் குறை எங்கே என்று காது சொல்லிவிடுகிறது. எல்லா மூலையும் மெழுகித் துடைத்த மாதிரி இருக்கிறது. சத்தம் இருந்த இடத்தில் அழகை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். மோல்டின் ஆல்பத்தில் சத்தம் இருந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது, அந்தக் காலியிடத்தைத்தான் நாம் கேட்கிறோம். பத்து வருடம் கழித்து ஏஞ்சல்ஸ் ஆஃப் லைட்டில் ஜிரா கண்டுபிடித்ததும் அதுதான்.

அவர் தனியாக மேடையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கார்டை வலது கையால் அடித்துக்கொண்டே இருப்பார். நாட்டுப்புறக் கிதாரிஸ்டுகளின் நளினமான விரல் பின்னல் எதுவும் கிடையாது. ஒரே கார்ட், ஒரே வேகம், பல நிமிடம். ‘காப்’ ஆல்பத்தில் இரும்பாக விழுந்த அதே அடிதான் இது, மரப்பெட்டிக்குள் போயிருக்கிறது. முப்பது முறை ஒரே கார்டைக் கேட்ட பிறகு, முப்பத்தோராவது முறை அவர் கொஞ்சம் மெதுவாக அடித்தால் அதுவே ஒரு பெரிய சம்பவம் போல நம்மைத் தாக்கும். திரும்பத் திரும்பச் செய்வதால் கவனம் கூர்மையாகும் என்பதை இவர் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. சத்தத்திடமிருந்து கற்றுக்கொண்டார்.

காதைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். நாய்ஸ் ராக் கச்சேரிகள் அதையெல்லாம் தாண்டியவை, அதுவும் வாரக்கணக்கில், இரவுக்கிரவு. உட்காதில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. மனிதருக்கு அவை போனால் மறுபடி முளைப்பதில்லை. மோல்டுக்குக் காதில் ஓயாத ரீங்காரம் உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

இதில் ராக் பாடகர் நீல் யங்கின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1991-ல் அவர் தன் க்ரேஸி ஹார்ஸ் குழுவோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றியபோது முன்னால் வாசிக்க சோனிக் யூத்தை அழைத்துக்கொண்டார். மூர் கொடுத்த ஊக்கத்தில், பாட்டுகளின் முடிவில் எழும் ஃபீட்பேக்கை மட்டும் வெட்டி ஒட்டி ‘ஆர்க்’ என்று 35 நிமிட ஆல்பமே செய்தார். அந்தச் சுற்றுப்பயணமும், அதன் நேரடிப் பதிவை உட்கார்ந்து மிக்ஸ் செய்ததும் அவர் காதைப் பதம் பார்த்துவிட்டன. அடுத்த வருடமே வந்தது மிக மென்மையான ‘ஹார்வெஸ்ட் மூன்’. உரத்த ஒலி எதையும் கேட்கப் பிடிக்காமல் போனது அதற்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். காது கெஞ்சியதால் பிறந்த அமைதி அது, அதனால் அந்த ஆல்பம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உடம்பு போடும் எல்லைக்குள் நின்று வேலை செய்வதும் கலைதான்.

சோனிக் யூத்காரர்கள் இதே பாதைக்கு வேறு வாசல் வழியாக வந்தார்கள். அவர்களுடைய ரகசியம் ட்யூனிங், அதாவது தந்திகளுக்குச் சுருதி வைக்கும் முறை. சந்தையில் மலிவாகக் கிடைத்த கிதார்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ட்யூனிங் வைத்து, சில பாட்டுகளுக்கென்றே சில கிதார்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1999-ல் கலிஃபோர்னியாவில் அவர்களுடைய வாத்திய வண்டியே திருட்டுப் போனபோது, அந்தக் கிதார்களோடு சேர்ந்து அவற்றில் மட்டுமே சரியாக வந்த பாட்டுகளும் கைவிட்டுப் போயின. அந்த ட்யூனிங்குகளில் இரண்டு தந்திகளை ஒரே சுரத்துக்கு, ஆனால் ஒரு துளி முன்பின்னாக வைப்பதும் உண்டு. ஒன்று நொடிக்கு 200 முறை, மற்றொன்று 202 முறை அதிர்ந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு இரண்டு தரம் ஒலி ஏறி இறங்கும். தம்புராவில் சுருதி சேர்க்கும்போது, இரண்டு தந்தியும் ஒன்றாவதற்கு முந்தைய கணத்தில் ஓர் அலை ஓடுமே, அதுதான். சுருதி சேர்ப்பவர் அந்த அலையை அடக்கப் பார்ப்பார். சோனிக் யூத் அதை வளரவிட்டு, ஆம்பில் ஏற்றி, கூடத்தையே ஆட்டிவைத்தது.

மூர் 2007-ல் ‘ட்ரீஸ் அவுட்சைட் தி அகாடமி’, 2011-ல் பாடகர் பெக் தயாரித்த ‘டெமாலிஷ்ட் தாட்ஸ்’ என்று அக்கூஸ்டிக்குக்கு நகர்ந்தபோது இந்த அலையையும் கூடவே எடுத்துப்போனார். அந்தக் காலத்து மேடைகளில் அவர் கையில் 12 தந்தி அக்கூஸ்டிக் கிதார் இருந்தது. அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு ஜோடி உண்டு. இரண்டு ஜோடிகள் ஒரே சுரத்திலும் மற்ற நான்கு ஒரு ஸ்தாயி வித்தியாசத்திலும் நிற்கும். எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் ஜோடிகள் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகாது, அந்தச் சிறு பிசகிலிருந்துதான் 12 தந்திக் கிதாரின் மினுமினுப்பு வருகிறது. இருபத்தைந்து வருடம் ஆம்ப் வைத்துத் தேடிய ஓசை, மின்சாரமே இல்லாமல் ஒரு மரப்பெட்டிக்குள் காத்திருந்திருக்கிறது. மேரி லாட்டிமோரின் ஹார்ப்பும் சமாரா லுபெல்ஸ்கியின் வயலினும் அதைச் சுற்றிப் படர்கின்றன. அந்த ஆல்பம் வந்த வருடமே மூரும், அவர் மனைவியும் சோனிக் யூத்தில் உடன் வாசித்தவருமான கிம் கோர்டனும் பிரிந்தார்கள். நவம்பரில் பிரேசிலில் நடந்த கச்சேரியோடு சோனிக் யூத் முடிந்துபோனது. பாட்டுகளில் அந்தப் பிரிவைத் தேடுகிறவர்கள் உண்டு, நான் தேட விரும்பவில்லை.

ரனால்டோவுக்கு இந்த வாசலைத் திறந்தது ஒரு புயல். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி நியூயார்க்கைத் தாக்கியபோது மன்ஹாட்டனின் கீழ்ப் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எலெக்ட்ரிக் கிதார் வெறும் பலகையாகிவிட்டது. அவர் அக்கூஸ்டிக்கை எடுத்து வைத்துக்கொண்டு இருட்டில் வாசித்தார், அடுத்த வருட ஆல்பத்தின் பாட்டுகள் அங்கே முளைத்தன. ஆல்பத்தை எலெக்ட்ரிக்கில்தான் பதிவு செய்தார். ஆனால் பார்சலோனாவில் பதிவாகி 2014-ல் வந்த ‘அக்கூஸ்டிக் டஸ்ட்’ தொகுப்பில் தன் பாட்டுகளை மறுபடி மரக் கிதாருக்கே கொண்டுபோனார்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரத்த குழுவுக்கு நடுவில் பாடுபவர் கத்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவர் பாடுவது அவருக்கே கேட்காது. தனியாக உட்காரும்போது மைக்குக்கு ஒரு சாண் நெருக்கத்தில் வந்துவிடலாம். பாடகர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: வாய் நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ப்பகுதி தடிக்கும். ஜிராவின் கனத்த குரலுக்கு இது வரம். ஆனால் அந்த நெருக்கத்தில் எச்சில் விழுங்குவதும் மூச்சு இழுப்பதும்கூடப் பதிவாகும். வரி சுமாராக இருந்தால் அதுவும் அப்பட்டமாகக் கேட்கும். சத்தத்தில் பாதி வார்த்தைகள் தப்பிவிடும், இங்கே ஒன்றும் தப்பாது.

பணமும் இதில் உண்டு, அதைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஒரு குழு என்றால் வண்டி, ஆம்ப்கள், டிரம் செட், ஒலிப் பணியாளர், அத்தனை பேருக்கும் படுக்கை. தனி ஆள் ஒரு கிதாரோடு ரயிலில் ஏறிவிடலாம். சின்னக் கூடத்தில் ஐம்பது பேர் வந்தாலும் கட்டுப்படியாகும். மோல்ட் இப்படிப் பல தனிச் சுற்றுகள் போயிருக்கிறார். டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸும் அப்படித்தான். ஆம்ப்களைச் சுவர் போல அடுக்கி வாசிப்பவர் அவர், 2011-ல் ‘செவரல் ஷேட்ஸ் ஆஃப் வை’ என்று ஏறக்குறைய டிரம்ஸே இல்லாத ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார்.

இவர்களில் யாரும் அமைதியிலேயே தங்கிவிடவில்லை. மோல்ட் ‘வொர்க்புக்’குக்கு அடுத்த வருடமே கனத்த எலெக்ட்ரிக் ஆல்பம் ஒன்றைப் போட்டார், 1992-ல் ஷுகர் என்ற குழுவோடு முன்னைவிட உரக்க வந்தார். மாஸ்கிஸ் இரண்டு பக்கமும் மாறி மாறி நடக்கிறார். எனக்குப் பிடித்தது ஜிராவின் கணக்கு. ஸ்வான்ஸ் 1997-ல் கலைந்தது. பதின்மூன்று வருடம் கழித்து அதை மறுபடி கூட்ட அவர் நினைத்தபோது ஸ்டூடியோவுக்குக் காசு வேண்டியிருந்தது. புதுப் பாட்டுகளை அக்கூஸ்டிக் கிதாரில் தனியாகப் பாடி, ‘ஐ ஆம் நாட் இன்சேன்’ என்று பெயர் வைத்து, கையால் அச்சிட்ட உறையில் போட்டு, குறைந்த எண்ணிக்கையில் விற்றார். வந்த பணம் 2010-ல் ஸ்வான்ஸின் மறுவருகை ஆல்பத்துக்குப் போயிற்று.

அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது ஒரு நல்ல அனுபவம். முதலாவதில் ஒரு கை கார்டை அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு குரல், வேறொன்றும் இல்லை. இரண்டாவதில் அதே பாட்டுகளின் மேல் மணிகளும் டிரம்ஸும் கிதார்களும் மலையாக ஏறி நிற்கின்றன. 2012-ல் வந்த ‘தி சீயர்’ அதையும் தாண்டியது. இரண்டு மணி நேர ஆல்பம், அதன் தலைப்புப் பாட்டு மட்டும் 32 நிமிடம். உச்சத்தில் அது காதை அடைக்கும். அங்கேயும் அடியில் காது கொடுத்தால் அந்த வலது கை கேட்கிறது. அதே கார்டில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.